முந்திரிக் கொல்லைக் கொட்டாவுல சோலார் விளக்கு: அஞ்சே மாசத்துல மங்குது, 100 வாட் பேனல் போடணுமா?

முந்திரிக்கொல்லை · அக்டோபர் 9, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் மாவட்டம் நடுவீரப்பட்டுப் பக்கம் எங்களுக்கு மூணு ஏக்கர் முந்திரி. மானாவாரிதான். போர் கிடையாது, அதனால கரண்டு சர்வீசும் கிடையாது. கிட்டத்துல இருக்கிற போஸ்ட்டே 600 மீட்டருக்கு அந்தாண்ட. நடுக்கொல்லையில பத்துக்குப் பன்னெண்டுல ஒரு தகர ஷீட்டு கொட்டா. மருந்தடிக்கிற மெஷினு, மம்முட்டி, சாக்கு எல்லாம் அதுலதான் கிடக்கும். பங்குனி சித்திரையில கொட்டை மூட்டைக்குக் காவலா அப்பா அங்கதான் படுப்பார். போன சீசன்ல டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு சாக்கைத் தூக்கறார், அடியில கண்ணாடிவிரியன். அன்னிக்கே லைட் போடறதுன்னு முடிவு பண்ணிட்டோம்.

மே மாசம் ஒரு கடையில செட்டா வாங்கினேன். 40 வாட் பேனல், பேனல் கரண்டைப் பாட்டரிக்கு அளந்து விடற 10 ஆம்பியர் கண்ட்ரோலர், 12 வோல்ட் 18 ஏஎச் (ஆம்பியர் அவர்) சீல்டு பாட்டரி, 9 வாட் டிசி பல்பு மூணு. ஒண்ணு உள்ள, ஒண்ணு வாசல்ல, இன்னொண்ணு 22 மீட்டர் தள்ளி படலுக்குப் பக்கத்துல. வாசல் பல்பு மட்டும் ராத்திரி பூரா எரியும்.

ரெண்டு மாசம் ஜம்முன்னு இருந்துச்சு. ஆவணிக்கு அப்புறம் ராத்திரி ஒரு மணிக்கு மங்க ஆரம்பிச்சுது. இப்ப எட்டு மணிக்கே அழுது வடியுது. படல் பல்பு முதல் நாள்லருந்தே சோகைதான். கடைக்காரர் "பேனல் பத்தாது சார், 100 வாட் போட்ருங்க"ங்கறார். போடலாமா? மழை ஆரம்பிக்கறதுக்குள்ள முடிக்கணும்.

கெடிலக்கரை · அக்டோபர் 9, இரவு 9:40

டிசி பல்பெல்லாம் தலைவலி தலைவா. ஒரு சின்ன இன்வெர்ட்டரை வாங்கிப் போட்டு வீட்ல இருக்கிற சாதா 230 வோல்ட் பல்பையே மாட்டுங்க. ஒயரும் மெல்லிசா போதும், பல்பு எந்தக் கடையிலயும் கிடைக்கும்.

ஒயர்மேன்_ஓய்வு · அக்டோபர் 10, காலை 6:05

கெடிலக்கரை தம்பி சொல்வதில் ஒரு பாதி சரி. 230-இல் ஒயர் மெல்லிசாக இருந்தால் போதும். மறு பாதியைப் பாருங்கள். சின்ன இன்வெர்ட்டர் சும்மா ஆன் ஆகி இருந்தாலே ஐந்தாறு வாட் தின்னும். ஆறு வாட் என்றே வைத்துக்கொண்டால் 24 மணி நேரத்துக்கு 144 வாட் அவர். விளக்கு தின்பதைவிட அது தின்பது அதிகம். யானைப் பசிக்குச் சோளப்பொரி. தவிர, ஆளில்லாத கொல்லையில், தகரச் சுவரில், மழை ஒழுகும் இடத்தில் 230 எதற்கு? 34 வருடம் கம்பம் ஏறியவன் சொல்கிறேன், 12 வோல்ட்டிலேயே இருங்கள்.

முந்திரிக்கொல்லை தம்பிக்கு: எதையும் வாங்காதீர்கள். முதலில் ஒரு மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு கொட்டாவுக்குப் போங்கள். நான்கு அளவு வேண்டும்.

காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறும் முன் பாட்டரி வோல்ட்.
படல் பல்பு எரியும்போது பாட்டரியில் எவ்வளவு, பல்பு ஹோல்டரில் எவ்வளவு.
நடுப்பகலில் பேனல் ஒயரைக் கண்ட்ரோலரிலிருந்து கழற்றி, ஓப்பன் வோல்ட்.
அதே இடத்தில் மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேனலின் ஷார்ட் சர்க்யூட் கரண்ட் (இரண்டு முனையையும் நேராக இணைத்தால் பாய்வது).

கடைசியாகச் சொன்னதைப் பேனலில் மட்டும் செய்யுங்கள். பேனல் தன்னால் முடிந்த இரண்டு சொச்சம் ஆம்பியருக்கு மேல் தராது, அதனால் ஆபத்தில்லை. அதே ஞாபகத்தில் மீட்டர் முனையைப் பாட்டரி மேல் வைத்தால் நூறு ஆம்பியருக்கு மேல் பாயும். மீட்டரும் போகும், கையும் போகும். எங்கள் செக்‌ஷனில் ஒரு பையன் அப்படித்தான் புருவத்தைப் பொசுக்கிக்கொண்டான்.

பாகூர்_ஏரிக்கரை · அக்டோபர் 10, காலை 8:22

மீட்டர் வர்றதுக்குள்ள நான் பேப்பர்ல ஒரு கணக்கு போட்டேன்.

வாசல் பல்பு 9 வாட், 11 மணி நேரம்: 99. மத்த ரெண்டும் ஆளுக்கு ரெண்டு மணி நேரம்: 36. ஆக ராத்திரிக்கு 135 வாட் அவர். உங்க பாட்டரி மொத்தமே 12 × 18 = 216. சீல்டு லெட் பாட்டரியைப் பாதிக்கு மேல காலி பண்ணக் கூடாது. நீங்க தினம் அறுபது சதவீதத்துக்கு மேல உறிஞ்சறீங்க. அது அஞ்சு மாசம் உயிரோட இருந்ததே பெரிசு.

வரவு? நம்ம ஊர்ல நல்ல வெயில் நாள்ல, முழு வெயில் அஞ்சு மணி நேரம் அடிச்ச மாதிரி கணக்கு. 40 × 5 = 200. சூடு, தூசி, பிடபிள்யூஎம்ங்கற சாதா ரகக் கண்ட்ரோலர் எல்லாம் பிடிச்சுக்கிட்டது போக 130 தேறும். வரவு 130, செலவு 135. மே மாசமே கையைக் கடிக்கிற குடும்பம். இதுல ஐப்பசி கார்த்திகை வந்தா கடன்தான்.

பேனலைப் பெருசாக்கறதுக்கு முன்னாடி வாசல் பல்பை என்ன பண்ணலாம்னு யோசிங்க. விடிய விடிய 9 வாட் யாருக்கு? நரிக்கா?

முந்திரிக்கொல்லை · அக்டோபர் 12, பிற்பகல் 3:30

நரிக்கில்லண்ணா, அப்பாவுக்கு. இருட்டுல ஒரு வெளிச்சம் தெரிஞ்சா கொட்டை திருட வர்றவன் யோசிப்பான்னு அவர் கணக்கு.

ஒயர்மேன் ஐயா கேட்ட அளவுகள்:

காலை 6 மணி, வாசல் பல்பு எரிஞ்சுக்கிட்டே: 10.2 வோல்ட்.
முந்தா நாள் சாயங்காலம் படல் பல்பு எரியும்போது: பாட்டரியில 12.1, பல்புல 10.6.
பேனல் ஓப்பன்: 20.8.
ஷார்ட் கரண்ட் காலை 11 மணிக்கு 0.6 ஆம்பியர். லேபிள்ல 2.3-ன்னு போட்ருக்கு. மதியம் ரெண்டு மணிக்குத் திரும்ப வச்சேன், 2.1 காட்டுச்சு! மீட்டர் கோளாறா?

ஒயர்மேன்_ஓய்வு · அக்டோபர் 12, மாலை 5:15

மீட்டர் நன்றாக இருக்கிறது. நான்கு எண்களும் நான்கு கதை சொல்கின்றன.

10.2-ஐப் பார்த்துத்தான் பதறினேன். ஏறக்குறைய 11 வோல்ட்டுக்கு இறங்கும் முன்பே கண்ட்ரோலர் லோடை, அதாவது பல்புகளை, துண்டித்திருக்க வேண்டும். ஏன் துண்டிக்கவில்லை? பல்பு ஒயர் எங்கே மாட்டியிருக்கிறது, கண்ட்ரோலரில் பல்பு படம் போட்ட முனையிலா, நேராகப் பாட்டரியிலா?

11 மணிக்கு 0.6, 2 மணிக்கு 2.1 என்றால் காலையில் பேனல் மேல் நிழல் விழுகிறது.

முந்திரிக்கொல்லை · அக்டோபர் 12, மாலை 6:02

பாட்டரியிலதான் ஐயா. மாட்டிக் கொடுத்தவர், லோடு முனையில போட்டா கண்ட்ரோலர் எரிஞ்சுடும்னு சொன்னார்.

நிழலுக்கு வாய்ப்பே இல்ல. மே மாசம் வைக்கும்போது காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் இடம் பிடிச்சேன். தெக்கால ஒரு பலா இருக்கு, அதோட நிழல் பேனல் பக்கமே வரல.

ஒயர்மேன்_ஓய்வு · அக்டோபர் 12, மாலை 6:31

சிரித்துவிட்டேன், கோபிக்காதீர்கள். மே மாசம் சூரியன் எங்கே இருந்தது?

கடலூர் பதினொன்றே முக்கால் டிகிரி வடக்கே இருக்கிறது. சித்திரை முதல் வாரத்தில் சூரியன் நம் உச்சந்தலைக்கு வந்து, அப்படியே வடக்கே தாண்டிப் போகும். மே, ஜூன், ஜூலையில் நடுப்பகல் வெயில் வடக்கேயிருந்து விழும். நிழல் தெற்கே சாயும். நீங்கள் பார்த்த பலா நிழல் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஆவணி முதல் வாரத்தில் மறுபடி உச்சி. அதன்பின் சூரியன் தெற்கே. இப்போது பலா நிழல் வடக்கே, உங்கள் பேனலை நோக்கி நகர்ந்து வருகிறது. மார்கழியில் நடுப்பகலிலேயே சூரியன் ஏறக்குறைய 55 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது, நிழல் இன்னும் நீளும். உங்கள் விளக்கு மங்கத் தொடங்கியது ஆவணிக்கு அப்புறம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பேனல் முழுக்க நிழல் விழ வேண்டியதில்லை. சின்னப் பேனலில் 36 செல்லும் ஒரே சங்கிலி. ஒரு கிளை நிழல் இரண்டு செல்லை மூடினால் மொத்தச் சங்கிலியும் இழுபடும். நெல்லறுப்பில் ஒருவன் பின்தங்கினால் வரிசையே நிற்கும் அல்லவா, அது போல. வோல்ட் மட்டும் 20.8 என்று ஜோராகக் காட்டும். வோல்ட்டை வைத்துப் பேனலை எடை போடாதீர்கள்.

பாகூர்_ஏரிக்கரை · அக்டோபர் 12, இரவு 8:10

அடேங்கப்பா. நான் கணக்குல நிழலைச் சேர்க்கவே இல்ல.

100 வாட் பேனலை அதே இடத்துல வச்சிருந்தா அதுவும் பலா நிழல்லதான் உக்காந்திருக்கும்.

கெடிலக்கரை · அக்டோபர் 12, இரவு 8:25

பலாவை வெட்டிட வேண்டியதுதான்.

முந்திரிக்கொல்லை · அக்டோபர் 12, இரவு 8:27

அந்தப் பலா 'தானே'ங்கற புயல்ல தப்பிச்சது. 2011 டிசம்பர் 30 காலையில கொல்லைக்குப் போனப்ப முந்திரி அத்தனையும் வேரோட சாஞ்சு கிடக்க, அது ஒண்ணுதான் நின்னுச்சு. அதுமேல கை வச்சா அப்பா என்னை வெட்டிடுவார்.

உப்புக்காத்து · அக்டோபர் 13, காலை 10:50

தேவனாம்பட்டினத்துலருந்து. வலைக் கொட்டாவுக்கு இதே மாதிரி போட்டு மூணு வருஷமா ஓடுது. என் அனுபவத்துல ரெண்டு விஷயம்.

ஒண்ணு, எல்இடி ஸ்ட்ரிப் வாங்காதீங்க. 12 வோல்ட்னு எழுதியிருக்கும். ஆனா பாட்டரி சார்ஜ் ஆகும்போது 14.4 வரைக்கும் போகும். ஸ்ட்ரிப்புல மூணு எல்இடிக்கு ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான் பாதுகாப்பு. எல்இடியே ஒம்போது வோல்ட் சொச்சத்தைப் பிடிச்சுக்கும், மிச்சம்தான் ரெசிஸ்டர் மேல. 12-ல மூணுக்கும் குறைவா இருந்த மிச்சம் 14.4-ல அஞ்சாகிடும், கரண்ட் கிட்டத்தட்ட டபுள். ராத்திரியில பரவாயில்ல. நம்ம கொட்டாவுல ஜன்னல் கிடையாது, பட்டப்பகல்ல வலை பிரிக்க லைட் போட்டோம், அப்பதானே சார்ஜும் ஏறுது. ஆறு மாசத்துல ஸ்ட்ரிப் கருகி மஞ்சளாச்சு. கரண்டை ஒரே அளவா வைக்கிற டிரைவர் உள்ள இருக்கிற டிசி பல்பா பாருங்க, 10-லருந்து 15 வோல்ட் வரைக்கும் தாங்கும்னு டப்பாவுல போட்ருக்கும்.

ரெண்டாவது, டிசி பல்பும் வீட்டு பல்பும் ஒரே பின் ஹோல்டர். எங்க மச்சான் கொட்டா பல்பை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் 230-ல மாட்டி "டப்"புன்னு. பல்பு கழுத்துல சிவப்பு பெயிண்ட் அடிச்சு வச்சிடுங்க.

பாகூர்_ஏரிக்கரை · அக்டோபர் 13, காலை 11:35

படல் பல்பு சோகைக்கு இப்ப வர்றேன். 12.1 கிளம்பி 10.6 போய்ச் சேருது. வழியிலயே ஒன்றரை வோல்ட் காணோம். ஒயர் என்ன சைசு?

முந்திரிக்கொல்லை · அக்டோபர் 13, பகல் 12:20

தெரியல. ஸ்பீக்கருக்குப் போடற செவப்பு கறுப்பு ஒயர்.

பாகூர்_ஏரிக்கரை · அக்டோபர் 13, பகல் 1:05

அப்போ அரை ஸ்கொயர் (ஸ்கொயர் மில்லிமீட்டர்) இருக்கும். அதுல தடை கிலோமீட்டருக்கு 39 ஓம் கிட்ட. 22 மீட்டர் போய் 22 மீட்டர் திரும்பணும், ஆக 44. இந்தத் திரும்பி வர்ற பாதியைத்தான் எல்லாரும் மறந்துடறாங்க. 1.7 ஓம் வருது. 9 வாட் பல்பு 10.6-ல 0.85 ஆம்பியர் இழுக்கும். பெருக்கினா 1.45. உங்க மீட்டர் சொன்னதேதான்!

வீட்ல 230-ல ஒன்றரை வோல்ட் போனா நாய்கூடத் திரும்பிப் பாக்காது. 12-ல அது எட்டுல ஒரு பங்கு.

ஒயரை 1.5 ஸ்கொயர் காப்பரா மாத்துங்க, பல்பை 5 வாட் ஆக்குங்க. கால் வோல்ட்டுக்குள்ள அடங்கிடும். 9 வாட்டே வேணும்னு அடம் பிடிச்சா 2.5 போடணும், காசு வீண்.

ஒயர்மேன்_ஓய்வு · அக்டோபர் 13, மாலை 4:40

ஒரு முக்கியமான கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஃபியூஸ் எங்கே?

முந்திரிக்கொல்லை · அக்டோபர் 13, மாலை 4:58

12 வோல்ட்தானே ஐயா, ஷாக் அடிக்காதே?

ஒயர்மேன்_ஓய்வு · அக்டோபர் 13, மாலை 5:30

ஷாக் அடிக்காது. கொட்டாவை எரிக்கும்.

எலி ஒயரைக் கடித்து இரண்டு செம்பும் ஒட்டிக்கொண்டால் பாட்டரி தன்னிடம் உள்ளதையெல்லாம் அந்த இழைக்குள் கொட்டும். உங்கள் ஸ்பீக்கர் ஒயர் சில நொடியில் அடுப்புக் கம்பி மாதிரி சிவக்கும். சுற்றிலும் சாக்கு, காய்ந்த முந்திரிச் சருகு, பக்கத்தில் மெஷினுக்கு வைத்த பெட்ரோல் கேன். பாட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 5 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் போடுங்கள். கடலூர் லாரன்ஸ் ரோடு பக்கம் பைக், கார் ஸ்பேர் கடையில் ஹோல்டரோடு கிடைக்கும். பல்புக்குப் பக்கத்தில் போடும் ஃபியூஸ் பல்பைத்தான் காக்கும், ஒயரைக் காக்காது. வீட்டில் கழற்றிப் போட்ட, ஏசி கரண்டுக்கான எம்சிபி (தானாக விழும் சுவிட்ச்) எதையாவது எடுத்து மாட்டாதீர்கள். டிசியில் பொறி தானாக அணையாது.

மாட்டும் வரிசையும் முக்கியம். முதலில் பாட்டரியைக் கண்ட்ரோலரில் இணைக்க வேண்டும், பிறகு பேனல், பிறகு லோடு. கழற்றும்போது தலைகீழாக. பேனலை முதலில் மாட்டினால் மலிவுக் கண்ட்ரோலர் 20 வோல்ட்டைப் பார்த்துவிட்டு 24 வோல்ட் பாட்டரி என்று தப்பாக எடுத்துக்கொள்ளும்.

லோடு முனையில் பல்பு போட்டால் கண்ட்ரோலர் எரியும் என்றாராமே. 10 ஆம்பியர் தாங்கும் முனையில் உங்கள் மூன்று பல்பும் சேர்ந்து இரண்டேகால்தான். எதற்கு எரியும்? அவர் நேராக மாட்டியதால் பாட்டரியைக் காக்க ஆளில்லாமல் தினமும் 10 வோல்ட் வரை வற்றி, தகட்டில் சல்பேட் இறுகிவிட்டது. அந்தப் பாட்டரி இனி எழாது. எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடுங்கள்.

கெடிலக்கரை · அக்டோபர் 13, இரவு 9:00

எங்க வீட்ல பழைய பைக் பாட்டரி ஒண்ணு இருக்கு, தரட்டா?

பாகூர்_ஏரிக்கரை · அக்டோபர் 13, இரவு 9:14

அது ஸ்டார்ட்டர் பாட்டரி. ஒரே உதைக்குப் பிறந்தது, ராத்திரி பூரா நடக்கப் பிறந்ததில்ல. நீங்க சும்மா இருங்கண்ணா.

லித்தியம் பாஸ்பேட் போடுங்க. 12.8 வோல்ட் 12 ஏஎச்னா 154 வாட் அவர். எம்பது சதவீதம் எடுத்தாலும் வலிக்காது, 120 சொச்சம் கையில. உங்க பழைய 18 ஏஎச்சைவிட உபயோகத்துல இதுதான் பெருசு. தூக்கினா ஒன்றரைக் கிலோ, அப்பா சீசன் முடிஞ்சதும் பையில போட்டு வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடலாம். திருட்டுப் பயமும் போச்சு.

ஒயர்மேன்_ஓய்வு · அக்டோபர் 14, காலை 6:10

எனக்கு டியூபுலர் லெட் பாட்டரிதான் இஷ்டம். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி வந்தால் வருடக்கணக்கில் உழைக்கும். ஆனால் அது சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், பெட்ரோல் கேன் இருக்கும் மூடிய கொட்டாவுக்கு ஆகாது. அதனால் இங்கே பாகூர் தம்பி கட்சிதான். கண்ட்ரோலரில் லித்தியம் செட்டிங் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். லெட் பாட்டரிக்கு அவ்வப்போது வோல்ட்டை ஏற்றிச் செய்யும் ஈக்குவலைஸ் சார்ஜ் இதற்குக் கூடாது. எந்தப் பாட்டரியானாலும் தகரக் கூரைக்குக் கீழே பரணில் வைக்காதீர்கள். தரையில் இரண்டு செங்கல், மேலே பலகை. அங்கேதான் சூடு குறைவு.

முந்திரிக்கொல்லை · அக்டோபர் 14, இரவு 7:45

வாசல் பல்புக்கு மோஷன் சென்சார் போட்டா என்ன? பாம்பு வந்தாலும் எரியுமில்ல?

உப்புக்காத்து · அக்டோபர் 14, இரவு 8:20

எரியாது! அந்த சென்சார் உடம்புச் சூட்டைத்தான் பாக்கும். பாம்புக்கு ரத்தத்துல சூடு கிடையாது, தரை எவ்வளவு சூடோ அதுவும் அவ்வளவு. நாய், மாடு, மனுஷன் வந்தா எரியும். சித்திரை சாயங்காலம் சுத்துமுத்தும் நம்ம உடம்பு அளவுக்கே கொதிக்கும்போது மனுஷனையே சில நேரம் கோட்டை விடும்.

ஆனா நீங்க வாசலுக்கு வந்ததும் எரியுது பாருங்க, அந்த வெளிச்சத்துல பாம்பை நீங்க பாப்பீங்க. கால் வைக்கிற இடம் தெரியணும்னா சென்சார் சரி. மஞ்சள் பல்பா வாங்குங்க. வெள்ளைக்கு ஈசல் மொய்க்கும், ஈசலுக்குத் தவளை வரும், தவளைக்கு யார் வருவாங்கன்னு சொல்ல வேணாம்.

பாகூர்_ஏரிக்கரை · அக்டோபர் 14, இரவு 8:41

புதுக் கணக்கு: உள்ள 5 வாட் ரெண்டு மணி நேரம் 10. வாசல் 3 வாட் சென்சாரோட, மொத்தமா ஒரு மணி நேரம் எரியும்னு வச்சா 3. படல் 5 வாட் அரை மணி நேரம், ரெண்டரை. அப்பா போன் சார்ஜுக்கு ஒரு 12. முப்பதைத் தாண்டல. 135 எங்க, 30 எங்க! 12 ஏஎச் லித்தியத்துல நாலு ராத்திரி வெயிலே இல்லாம ஓடும். அதே 40 வாட் பேனல், மழை மூட்டத்துல பத்துல ஒரு பங்கு கொடுத்தாக்கூட ஒரு போனுக்கு ஆச்சு.

3 வாட் எல்இடி பத்தாதுன்னு அப்பா சொன்னா, பழைய 25 வாட் குண்டு பல்பைவிட அது பிரகாசம்னு சொல்லுங்க.

முந்திரிக்கொல்லை · நவம்பர் 2, மாலை 6:50

முடிச்சாச்சு. பேனலைப் பலாவுலருந்து வடமேற்கால பதினஞ்சு மீட்டர் தள்ளி ஜிஐ பைப்புல ஏத்திட்டேன், தெக்கு பாத்து பன்னெண்டு டிகிரி சாய்வு. ஒயர் போற தூரம் அதிகமானதால பேனலுக்கு மட்டும் 2.5 ஒயர். பல்பெல்லாம் லோடு முனைக்கு மாத்தி, ஃபியூஸ் போட்டேன். 11 மணிக்கு ஷார்ட் கரண்ட் 2.0!

அப்பாதான் ஒத்துக்கல. சென்சார் பல்பு சட்டுனு எரிஞ்சதும் "யாருடா அது"ன்னு கத்திட்டார். அவருக்குன்னு வாசல்ல ஒரு 1 வாட் பல்பு விடிய விடிய எரியற மாதிரி தனியா போட்டேன். கூட 11 வாட் அவர், போகட்டும்.

உப்புக்காத்து · நவம்பர் 2, இரவு 7:30

புயல் சீசன். பேனல் நட்டை விங் நட்டா மாத்தி வைங்க, எச்சரிக்கை வந்ததும் பத்து நிமிஷத்துல கழட்டி உள்ள வைக்கணும். 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிகிட்ட கரை ஏறினப்ப நான் கழட்டிட்டேன், பக்கத்துக் கொட்டாக்காரர் கழட்டல. அவர் பேனலோட ஃபிரேம்கூட கிடைக்கல. முனை எல்லாத்துலயும் வாசலின் தடவுங்க. உங்களுக்குக் கடல் தூரம்னாலும் காத்து வரும்.

முந்திரிக்கொல்லை · டிசம்பர் 4, காலை 7:15

விங் நட்டு போட்டாச்சுண்ணா, ஆனா அதைத் திருடனும் கழட்டுவானேன்னு அப்பா ஒரு செயின் போட்டுப் பூட்டியிருக்கார். சாவி அவர் அரைஞாண் கயித்துல.

அஞ்சு நாள் அடை மழை. சூரியனையே பாக்கல. இன்னிக்குக் காலை ஆறு மணிக்கு பாட்டரி 13.0. அப்பாவோட 1 வாட் பல்பு எரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு.

ஒரு சந்தேகம். பேனல் மேல காக்கா எச்சம் காஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கு, மழைக்கும் போகல. சோப்புத் தண்ணி போடலாமா?

ஒயர்மேன்_ஓய்வு · டிசம்பர் 4, காலை 7:40

வெறும் தண்ணீரில் கோணித் துண்டை நனைத்து கொஞ்ச நேரம் மேலே போட்டு வையுங்கள், ஊறி வந்துவிடும். உச்சி வெயிலில் கண்ணாடி கொதிக்கும்போது மட்டும் ஊற்றாதீர்கள். சுரண்டவும் வேண்டாம்.